ஆடு, கோழி, இரண்டு பிள்ளைகள்: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

2023 மே 14 – வாசகர் கேள்வி

வீட்டையொட்டிக் கொஞ்சம் நிலம் சும்மா கிடக்கிறது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளியில். பத்துக் கோழி, இரண்டு மூன்று வெள்ளாடு, முடிந்தால் ஒரு ஜோடி வாத்து வளர்க்க ஆசை. லாபம் எதிர்பார்க்கவில்லை. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி ஒதுக்கினால் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன். கணக்கு சரிதானா அக்கா?

2023 மே 14, இரவு

கணக்கு சரிதான். வருஷத்தில் பெரும்பாலான நாட்களுக்கு அது போதும். சில நாட்கள் அவ்வளவுகூட ஆகாது, தண்ணீரை மாற்றிவிட்டு, தீவனத்தைப் போட்டுவிட்டு, எண்ணிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

போதாத நாட்கள் எப்போது வரும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. அதில் பாதியை நீங்களே முடிவு செய்கிறீர்கள். கிடாயைச் சேர்க்கும் அன்று முடிவாகிறது, முட்டையை அடை வைக்கும் அன்று முடிவாகிறது. வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள், ஐந்து நாள் முன்பின்னாக இருக்கும். கோழி முட்டை பொரிய 21 நாள், வாத்து முட்டைக்கு 28. முயல் வளர்த்தால் 31 நாளில் குட்டி. இந்த எண்களைப் பிள்ளைகளின் தேர்வு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். மார்ச்சில் தேர்வு என்றால் அக்டோபரில் உங்கள் வேலிக்குள் கிடாய் இருக்கக் கூடாது.

ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் என்று பார்க்காதீர்கள். எந்த வாரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று பாருங்கள்.

2023 மே 15

"ஒரு கிடாய் கூடவே இருந்துவிட்டுப் போகட்டுமே, தொந்தரவு இல்லை" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இருபது முப்பது ஆடு வைத்திருப்பவருக்குச் சரி. மூன்று ஆட்டுக்கு வேண்டாம். கூடவே இருந்தால் எந்த ஆடு எந்தத் தேதியில் சினையானது என்று தெரியாது, நேற்று நான் சொன்ன கணக்கு முழுக்க வீண். அப்புறம் அந்த வாடை. பருவத்தில் இருக்கும் கிடாய் தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் பெய்துகொள்ளும், பெட்டைக்கு அதுதான் வாசனைத் திரவியம். உங்கள் பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டுவிட்டு வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்காருவான்.

இரவல் கிடாய் போதும். பெட்டை ஆடு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். இரண்டு சுற்று இருக்கும்படி வைத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடலாம்.

2023 மே 15, மறுபடியும்

கேட்க மறந்துவிட்டேன். ஒற்றை ஆடு வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அது கூட்டத்தில் வாழும் பிராணி. தனியாக நின்றால் நாள் முழுக்கக் கத்தும், உங்களையே மந்தையாக நினைத்துக்கொண்டு கதவோரம் நிற்கும். குறைந்தது இரண்டு.

2023 மே 28

வெயில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆடு தாங்கும், நிழலும் தண்ணீரும் இருந்தால் போதும். கோழிதான் கவலை. அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சாதாரணமாகவே அதன் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும், மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும். இன்று மதியம் எங்கள் கறுப்புப் பெட்டை இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, அலகைப் பாதி திறந்து, தொண்டை படபடவென்று அடிக்க நின்றுகொண்டிருந்தது. அந்தக் கோலத்தில் பார்த்தால் தாமதிக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீர், காற்றோட்டம், கால் நனைக்க ஒரு தட்டையான தொட்டி.

வெயில் மாதங்களில் முட்டை ஓடு மெலிந்து போவதும் இதனால்தான். விடாமல் மூச்சிரைக்கும்போது கரியமிலவாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைகிறது. தீவனமும் குறைவாகத்தான் தின்னும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தாலும் முழுதாகச் சரியாகாது. வெயில் தணிந்தால்தான் சரியாகும்.

எங்கள் வீட்டில் கோடை விடுமுறையில் மதியத் தண்ணீர் மகன் பொறுப்பு. பள்ளி திறந்த பிறகு அந்த வேலை யாருடையது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால் அம்மா தலையில்தான் விழும்.

2023 ஜூலை 9

மழை பிடித்துவிட்டது. ஆட்டுக்கு மழை ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும், நனைவதைப் பற்றித்தான் நினைப்பார்கள். நனைவது ஒரு பக்கம். உண்மையான எதிரி புல்லில் இருக்கிறது. ஈமாங்கஸ் என்னும் ரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழு. பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது புழுக்கையோடு தரைக்கு வந்து, ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் பருவத்துக்கு வளர்ந்து, புல் நுனியை நோக்கி ஏறிக் காத்திருக்கும். ஆடு தரையோடு தரையாக மேயும் அளவுக்குப் புல் குட்டையாகிவிட்டால் வாய் நிறையப் புழுதான்.

இந்தப் புழு இருந்தால் கழிச்சல் வந்தே தீரும் என்றில்லை. ஆடு நன்றாகத்தான் இருக்கும், ஒரு நாள் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கித் தொங்கும், அடுத்து படுத்துவிடும். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள ஒரு வழி கண்ணிமை. கீழ் இமையை மெல்ல இறக்கி உள்பக்கச் சவ்வின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நல்ல சிவப்பு என்றால் நிம்மதி, வெளிர் ரோஸ் என்றால் யோசனை, வெள்ளைத் தாள் நிறம் என்றால் அன்றே மருந்து. இதற்கென்று தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய ஃபமாச்சா என்ற வண்ண அட்டை இருக்கிறது, ஒன்று முதல் ஐந்து வரை படி, ஒன்று நல்ல சிவப்பு, ஐந்து வெள்ளை. எங்கள் வீட்டில் அட்டையைப் பிடிப்பது மகள். ஆட்டைப் பிடிப்பது நான். "மூணும் இல்லை, நாலும் இல்லை" என்று அவள் நீதிபதி மாதிரி இழுத்துக்கொண்டே நிற்பாள், நான் கொம்பைப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்பேன். மூன்றா நான்கா என்று சந்தேகம் வந்தால் எங்கள் வழக்கம் நான்கு என்று வைத்துக்கொள்வது. குட்டியும் சினையாடும் மூன்றிலேயே மருந்து வாங்கிக்கொள்ளும்.

2023 ஜூலை 10

"மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் குடற்புழு மருந்து ஊற்றிவிட்டால் இந்த அட்டையெல்லாம் எதற்கு?" அப்படி ஊற்றி ஊற்றித்தான் உலகத்தின் பல பகுதிகளில் அந்த மருந்துகளுக்கே புழு அடங்காமல் போயிருக்கிறது. மருந்துக்குத் தப்பிய புழு மட்டுமே முட்டையிட்டால் அடுத்த தலைமுறை முழுக்க அதன் பிள்ளைகள்தான். தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும், எடைக்குத் தகுந்த முழு அளவில் கொடுங்கள். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, குட்டிக்கு ஆகாது. எந்த மருந்து என்று கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் நேரம் கூடுமா என்று கேட்டால், கூடும். தழையை வெட்டி உயரக் கட்டித் தொங்கவிட்டால் புழு குறையும், ஆனால் வெட்டுவது யார்? கொட்டிலை உலர்த்துவது யார்? முதல் நாள் சொன்ன காலை அரை மணி, மாலை அரை மணியோடு இந்த மாதங்களில் இன்னொரு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

2023 ஆகஸ்ட் 20

கறுப்புப் பெட்டை அடையில் உட்கார்ந்துவிட்டது. மகனுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழாம் நாள் இருட்டறையில் கைபேசி வெளிச்சத்தை முட்டையின் அகன்ற பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் ஓடும் சிவப்பு இழைகள். ஒன்றில் எதுவும் இல்லை, மஞ்சள் நிழல் மட்டும். அதை எடுத்துவிடச் சொன்னேன். "இன்னும் இரண்டு நாள் பார்ப்போமே" என்றான். பார்த்தோம். அப்போதும் எதுவும் இல்லை.

அடை வைக்கப்போகும் முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள், பொரிப்பு குறையும். கூர்முனை கீழே இருக்கட்டும். இயந்திரத்தில் வைத்தால் 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்த வேண்டும். கோழியிடம் விட்டால் இதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், நம்மைவிட நன்றாக.

பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவல். இதைக் குஞ்சு வெளிவந்த பிறகு பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அடை வைக்கும் முன்பே, "சேவல்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது" என்று சொல்லி, அவற்றை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். விற்பதோ, கொடுப்பதோ, சமைப்பதோ, அது ஒவ்வொரு வீட்டின் முடிவு. முடிவே இல்லாமல் அடை வைப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2023 செப்டம்பர் 10

கிடாய் நேற்று வந்து சேர்ந்தது. வெளியிலிருந்து வரும் எந்த ஆட்டையும் நேராக உள்ளே விடாதீர்கள். இது எங்களுக்குத் தெரிந்த வீட்டிலேயே இரண்டு மூன்று வாரம் தனிக் கொட்டிலில் நின்றுவிட்டு, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்ட சீட்டோடு வந்தது. மாட்டு வெக்கை நோயை 2011இல் உலகத்திலிருந்தே ஒழித்தாகிவிட்டது. அதன் உறவான இந்த நோயை 2030க்குள் ஒழிப்பதாக இலக்கு வைத்திருக்கிறார்கள். அதுவரை ஊசிதான்.

எப்படிக் கணக்குப் போட்டாலும் பிப்ரவரி பிறக்கும் முன் குட்டி இல்லை. மழை முடிந்திருக்கும், தேர்வு தொடங்கியிருக்காது.

குளிர்நாட்டில் இருக்கும் வாசகர் ஒருவர், தன் ஆடுகள் இலையுதிர் காலத்தில் மட்டும்தான் பருவத்துக்கு வருகின்றன, கோடையில் கிடாயைச் சேர்த்தும் பயனில்லை என்கிறார். அது சரிதான். பகல் குறையத் தொடங்கினால்தான் அங்கத்து ஆடுகளுக்குப் பருவம். நிலநடுக்கோட்டுப் பக்கம் பகல் நீளம் பெரிதாக மாறாததால் வருஷம் முழுக்க வரும். ஆக, என் "திருப்பி எண்ணும்" கணக்கு எல்லோருக்கும் முழுச் சுதந்திரம் தராது. உங்கள் ஆடு எந்த மாதங்களில் பருவத்துக்கு வருகிறது என்று பார்த்து, அதற்குள்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

2023 அக்டோபர் 29

முட்டை நின்றுவிட்டது. கோழிகள் எல்லாம் தலையணை வெடித்த மாதிரி இறகை உதிர்த்துக்கொண்டு திரிகின்றன. நோய் இல்லை. பகல் குறைகிற காலத்தில் பழைய இறகை மாற்றிக்கொள்கின்றன. இறகில் பெரும்பகுதி புரதம், உடம்பிலிருக்கும் புரதமெல்லாம் அங்கே போவதால் முட்டைக்கு மிச்சமில்லை. இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். புரதம் கூடுதலாக உள்ள தீவனம் கொடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். இந்தச் சமயத்தில் தூக்காதீர்கள், முளைக்கும் இறகுக் குருத்தில் ரத்தம் ஓடும், தொட்டால் வலிக்கும்.

விளக்குப் போட்டு வெளிச்சத்தை 14 மணி நேரத்துக்கு நீட்டினால் முட்டை வரும். வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் செய்கிறார்கள். நாங்கள் செய்வதில்லை. கணவர் மட்டும் ஒவ்வொரு வருஷமும் இந்த மாதத்தில் விளக்கின் நன்மைகளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

2023 டிசம்பர் 17

இதைச் சொல்லாமல் இந்த இழையை முடிக்கக் கூடாது என்று நினைத்தேன்.

நெருங்கிய உறவில் கல்யாணம், வெளியூர், மூன்று நாள். கோழியையும் சினையாட்டையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். ஒருவர் தங்கியாக வேண்டும். நான்தான் தங்குவேன் என்றேன். கணவர், "போன தடவையும் நீதான் தங்கினாய், ஆட்டுக்காகக் குடும்பமா, குடும்பத்துக்காக ஆடா?" என்றார். பிள்ளைகள் முன்னால். நானும் சும்மா இருக்கவில்லை. கடைசியில் அவர் தங்கினார், நான் பிள்ளைகளோடு போனேன். அங்கே எல்லோரும் அவர் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். "ஆடு சினையாக இருக்கிறது" என்று சொல்லும்போது எதிரில் இருப்பவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

திரும்பி வந்து ஒழுங்கு செய்தோம். இப்போது மாற்று ஆள் ஒருவர் இல்லை, இரண்டு வீடு. அவர்கள் ஊருக்குப் போகும்போது அவர்களுடைய நாயையும் செடியையும் நாங்கள் பார்க்கிறோம். கொட்டில் கதவின் உள்பக்கம் ஒரு தாள்: எந்த டப்பாவில் எவ்வளவு, மருத்துவர் எண், எது நடந்தால் கூப்பிட வேண்டும், எதற்குக் கூப்பிட வேண்டாம். கடைசி வரியில் சிவப்பில், "மிஞ்சிய சாப்பாட்டைப் போடாதீர்கள்." அன்பாகப் போடும் ஒரு வாளிச் சோறோ மாவோ தானியமோ ஆட்டின் வயிற்றில் அமிலமாகப் புளித்து ஒரே இரவில் கொன்றுவிடும். பழக்கமில்லாதவர்களுக்கு அது தெரியாது, ஆடு தின்கிறதே என்று சந்தோஷப்பட்டு இன்னும் போடுவார்கள்.

கணவர் கேட்ட கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நாங்கள் இன்னும் அதற்குப் பதில் பேசி முடிக்கவில்லை.

2024 பிப்ரவரி 11

குட்டி!

காலையிலேயே வாலுக்கு இருபுறமும் இருக்கும் தசைநார் இளகி, விரல் வைத்தால் அகப்படவில்லை. மடி இறுகிப் பளபளத்தது. ஒரு நாளுக்குள் ஈனும் என்று தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேறு. எல்லோரும் வீட்டில். செப்டம்பரில் போட்ட கணக்கு பலித்ததைக் கணவரே ஒப்புக்கொண்டார், வேறு வழியில்லாமல்.

மதியம் முக்கத் தொடங்கியது. முதலில் நீர்க்குடம், அப்புறம் அதற்குள் இரண்டு வெளிர் குளம்பு, குளம்பின் மேல் மூக்கு. நீச்சல்காரன் தண்ணீரில் பாயும் கோலம், அப்படி வந்தால் கையை வைக்க வேண்டியதில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் பலமாக முக்கியும் எதுவும் தெரியவில்லை என்றால்தான் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். எங்களுக்குத் தேவைப்படவில்லை. மகள் பழைய துண்டால் மூக்கிலிருந்த சளியைத் துடைத்தாள். தாய் நக்க ஆரம்பித்ததும் விலகி வரச் சொன்னேன், அப்படி நக்கும்போதுதான் அது தன் குட்டியை அடையாளம் கண்டுகொள்கிறது.

இரண்டாவது, பின்னங்கால் முன்னால் வந்தது. குளம்பின் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்திருந்தது, அதை வைத்துக் கண்டுகொள்ளலாம். இப்படியும் பிறக்கும், ஆனால் இடுப்பு வெளியே வந்தபின் தாமதம் கூடாது. தலை உள்ளே இருக்கும்போதே தொப்புள்கொடி நசுங்கிவிடும், குட்டி உள்ளேயே மூச்சிழுத்து நீரைக் குடித்துவிடும். தாய் முக்கும்போதெல்லாம் நான் சேர்ந்து கீழ்நோக்கி இழுத்தேன். வந்து விழுந்தது, அசையவில்லை. கணவர் மூக்குக்குள் ஒரு வைக்கோல் துரும்பை விட்டுக் கிளறினார். தும்மியது. மகன் அழுதுவிட்டான், அப்புறம் அழவில்லை என்று சாதித்தான்.

கொடியை அயோடினில் முக்கினோம். சீம்பால் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். குட்டி நோய் எதிர்ப்பு இல்லாமல்தான் பிறக்கிறது. எதிர்ப்புச் சக்தியைச் சீம்பாலிலிருந்து வாங்கிக்கொள்ளும் வழி குடலில் ஒரு நாளுக்குள் மூடிவிடும். இரண்டாவது குட்டிக்குக் காம்பைப் பிடிக்கத் தெரியவில்லை. வாயில் வைத்துவிட்டு, வால் அடியில் விரலால் தட்டிக்கொடுத்தோம். வால் ஆட ஆரம்பித்தால் பால் போகிறது என்று அர்த்தம்.

2024 பிப்ரவரி 12

வாழ்த்துச் சொன்னவர்களுக்கு நன்றி. கர்ப்பமாக இருக்கும் தங்கையைக் கூட்டிவந்து காட்டலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். ஆடு ஈனும் இடத்திலும், நஞ்சுக்கொடியிலும், அந்த வைக்கோலிலும் கர்ப்பத்தைப் பாதிக்கும் கிருமிகள் இருக்கலாம். படம் அனுப்புங்கள், போதும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் கோழிக்குஞ்சுக்கு முத்தம் கொடுப்பதும் அப்படித்தான், சால்மோனெல்லா என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். மற்றவர்கள் தொட்டபின் கை கழுவினால் சரி.

2024 ஏப்ரல் 28

இரண்டும் கிடாக்குட்டி. மூன்று மாதம் நெருங்குகிறது, பிரித்தாக வேண்டும். குட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள், மூன்று நான்கு மாதத்தில் தாயையும் அக்காவையும் சினையாக்கும் வயது வந்துவிடும். 150 நாள் கணக்கு போட்டு வாழும் வீட்டில் இப்படி ஒரு கணக்கு நுழைந்தால் எல்லாம் போச்சு.

"விற்கப்போகும் குட்டிக்குப் பெயர் வைக்காதீர்கள், பிள்ளைகள் மனசு உடையும்" என்று இங்கே பல பேர் சொல்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது அவ்வளவு உறுதியில்லை. மகள் இரண்டுக்கும் பெயர் வைத்தாள், தும்மல் ஒன்று, கோந்து ஒன்று. தும்மலை வாங்க வந்தவரிடம் அவளே, எந்தத் தழை பிடிக்கும், எந்தப் பக்கம் சொரிந்தால் நிற்கும் என்று பத்து நிமிடம் பேசினாள். அழுதாளா? அழுதாள். பெயர் வைக்காவிட்டால் அழுதிருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் வாங்கியவருக்கு அந்தத் தழை விஷயம் தெரியாமல் போயிருக்கும்.

கோந்து மகனின் கணக்கு நோட்டில் பாதியைத் தின்றிருக்கிறது. ஆசிரியர் நம்பவில்லை. நோட்டின் மீதியைப் பார்த்த பிறகு நம்பினார்.

2024 மே 12

கேள்வி கேட்டவர் ஒரு வருஷம் கழித்து வந்திருக்கிறார். இப்போதைக்குக் கோழி மட்டும் வாங்கியிருக்கிறாராம், ஆடு அடுத்த வருஷம். நல்ல முடிவு. கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்தை வாங்கும்போது பனிக்கட்டியோடு எடுத்து வாருங்கள், வழியில் சூடானால் சொட்டு மருந்து வெறும் தண்ணீர்.

வாத்து பற்றி மறுபடி கேட்கிறீர்கள். குளம் அவசியமில்லை, தலையை முழுக்க முக்கி மூக்கையும் கண்ணையும் கழுவ ஆழமான பாத்திரம் போதும். குஞ்சாக வாங்கினால் கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டும் பத்தாது, வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்னும் பி வைட்டமின் கூடுதலாக வேண்டும், குறைந்தால் கால் வளைந்து உட்கார்ந்துவிடும். ஈஸ்ட் கலந்து கொடுங்கள். தாயில்லாத குஞ்சுகளை முதல் சில வாரம் தண்ணீரில் இஷ்டத்துக்கு நீந்த விடாதீர்கள், இறகு நனைந்து விறைத்துவிடும்.

மற்றபடி வாத்து நோய்நொடி குறைந்த பிராணி. வைத்த தண்ணீர் அரை மணியில் சேறாகும், அந்தச் சேறு எந்தப் பக்கம் ஓடும் என்று வாங்கும் முன் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது துணி காயப்போடும் இடத்துக்கு ஓடுகிறது, அதனால்தான் எங்களிடம் வாத்து இல்லை.